மூக்கும் முகப்பூச்சும்

சென்ற வாரம் திருச்சி சின்னக்கடை வீதியில் 'காண்டூர் கிட்' என்னும் பெயர் கொண்ட ஒரு முகப்பூச்சுப் பெட்டியை நாம் 180 ரூபாய் கொடுத்து வாங்கினோம். பகுத்தறிவுப் பத்திரிகைக்காரருக்கு இந்தச் சாமான் எதற்கு என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து திருச்சியில் கணக்கு வேலை பார்க்கும் நமக்குத் தெரிந்த ஒரு பெண், தன்னைப் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு, "மூக்கு கொஞ்சம் சப்பை, நிறமும் மட்டு" என்று சொல்லியனுப்பி விட்டதாகவும், அடுத்து வருகிறவர்களுக்கு முன் இந்தப் பெட்டியைப் பூசிக்கொண்டு உட்காரும்படி தன் தாயார் வற்புறுத்துவதாகவும் நம்மிடம் சொல்லி, "இதில் என்ன இருக்கிறதென்று நீங்களே பாருங்கள், அய்யா" என்று கேட்டதே அதற்குக் காரணமாகும்.

பெட்டியைத் திறந்தால் மூன்று மாவுகள் இருக்கின்றன. ஒன்று பழுப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று ரோஜா நிறம். ஒரு சிறு தூரிகையும், எங்கே பூசவேண்டும் என்று காட்டும் படம் போட்ட ஓர் அட்டையும் உண்டு. மூக்கின் இரு பக்கமும் பழுப்பைக் கோடாக இழுத்து, நடுவில் வெளுப்பைத் தடவிக் கலைத்துவிட்டால், பழுப்புப் பட்ட இடம் உள்ளே போனது போலவும், வெளுப்புப் பட்ட இடம் மேலே எழுந்தது போலவும் கண்ணுக்குத் தோன்றும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சித்திரக்காரர்கள் வெகு காலமாய்ச் செய்து வரும் நிழலும் வெளிச்சமுந்தான். நாடகக் கொட்டகையில் விளக்கு வெளிச்சம் முகத்தைத் தட்டையாக்கி விடுவதால், வேஷக்காரர்கள் கன்னத்திற்கும் மூக்கிற்கும் நிழல் தீட்டிக்கொண்டார்கள். மேடைக்கு அவசியமான அந்த வேலையை இன்று வீட்டுக் கூடத்திற்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

அப்பெண்ணும் நம் வீட்டுப் பெண்களும் இதைப் பூசிப் பார்த்தார்கள். நாமும் நமது மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் பூசிப் பார்த்தோம். நிழலுக்கென்று வைத்திருக்கும் அந்தப் பழுப்பு மாவு நமது தோலைவிட வெளுப்பாயிருந்ததால், நிழல் விழவேண்டிய இடத்தில் சாம்பல் பூத்தது. விபூதி பூச மாட்டோம் என்றிருக்கும் நம் மூக்கில் 180 ரூபாய்க்கு விபூதி பூசிவிட்டார்கள்! பிறகு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேருமுன் பஸ்ஸில் வியர்த்த வியர்வையில் மூன்று மாவும் ஒன்றாகி, கைக்குட்டையில் வந்து சேர்ந்தது.

மாவு வெளுத்திருப்பதற்கும் அட்டையில் உள்ள முகத்திற்கும் சம்பந்தமுண்டு. அது வெள்ளைக்காரிக்குக்கூட எளிதில் வாய்க்காத முகம். அந்தக் கத்தி மூக்கை அளவாக வைத்து, மற்ற மூக்குகளெல்லாம் திருத்தப்பட வேண்டியவை என்று சொல்லாமல் சொல்லுவதே அந்த அட்டையின் வேலை.

இந்த அளவு எங்கிருந்து வந்தது? 1901-ம் வருஷத்து ஜனசங்கியைக்குத் தலைவராயிருந்த ரிஸ்லி என்னும் துரை, மூக்கு எவ்வளவு அகலமோ ஜாதியும் அவ்வளவு தாழ்வு என்று ஒரு சித்தாந்தம் செய்தார். சென்னை மியூசியத்துத் தலைவராயிருந்த தர்ஸ்டன் துரையும் அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு நம்மவர் மூக்குகளை அளந்தார். ஆனால் ரிஸ்லியின் கணக்கையே எடுத்து ஆராய்ந்த குர்யே என்ற பேராசிரியர், அது வடநாட்டில் சில பாகங்களைத் தவிர மற்ற இடங்களில் பொருந்தவில்லை என்று 1932-ல் காட்டினார். தோழர் அம்பேத்கர் 1948-ல் எழுதிய தீண்டப்படாதாரைப் பற்றிய புத்தகத்தில், மூக்களவையே பிரமாணமாகக் கொண்டாலும் பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனமென்றுதான் ஏற்படுகிறது என்று எடுத்துக்காட்டினார். மூக்குத் துவாரத்தின் அகலத்திற்கும், முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் சம்பந்தமுண்டு என்று 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. தோலின் கருமையோ, வெயிலின் கடுமையிலிருந்து உடலைக் காப்பதற்கு ஏற்பட்டது. ஆகவே நமது மூக்கும் நிறமும் இந்த வெயிலுக்கு ஏற்ற மூக்கும் நிறமுமே தவிர, யாரும் விதித்த தண்டனையல்ல. அறிஞர்கள் குப்பையில் போட்ட அந்த அளவுகோல் இன்று கல்யாணத் தரகர் கையிலும் கடைக்காரர் அட்டையிலும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். ஸ்ரீரங்கத்தில் படுத்திருக்கும் ரங்கநாதர் சுதையால் ஆனவர். அபிஷேகம் செய்தால் கரைந்து போவாரென்று, திரையிட்டு மறைத்துத் தைலக்காப்புப் பூசி வருகிறார்கள். அந்தச் சாமி கன்னங்கரேலென்று இருக்கிறது. அந்தக் கருமையை அழகென்று பாடிப் பரவசப்பட்டு வரிசையில் நிற்கிறவர்களே, வீட்டிற்குப் போய் மகனுக்கு "சிவந்த பெண் தேவை" என்று விளம்பரம் எழுதுகிறார்கள். பகல்பத்தின் கடைசி நாளில் ஆண் சாமிக்குப் பெண் வேஷம் போட்டால் அது நாச்சியார் திருக்கோலம். உயிருள்ள பெண்ணுக்கு மட்டும் அவள் முகம் போதாது! சாமிக்குக் கருப்பு ஆகுமானால் சம்பந்திக்கு ஏன் ஆகாது என்று கேட்கிறோம்.

வியாபாரிகள் இந்த மடமையை நன்றாய் அறிவார்கள். 1975-ல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பை விற்க ஆரம்பித்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு, நிறத்திமிருக்கு எதிராய் உலகெங்கும் கிளர்ச்சி எழுந்த பிறகு, 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றினார்கள். பெயர் மாறிற்றே ஒழிய, பெண்ணின் முகத்தில் குறை கண்டு பணம் பண்ணும் தொழில் மாறவில்லை. மலிவான களிம்புகளில் வேறு ஆபத்தும் உண்டு. கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவில் 2023-ல் சிலருக்கு வந்த சிறுநீரக வியாதிக்கும், அவர்கள் பூசிய பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புக்கும் தொடர்பிருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். செய்தவர் பெயரும் லைசென்சு நம்பரும் இல்லாத எந்தப் பூச்சையும் யாரும் தொடவேண்டாம்.

நிற்க. பூசிக்கொள்ளும் பெண்ணை நாம் குறை சொல்ல வரவில்லை. தனக்குப் பிடித்துத் தன் காசில் ஒருத்தி பூசிக்கொண்டால் அதைக் கேட்க நாம் யார்? ஆண்பிள்ளைகள் மீசைக்கு மை போட்டுக்கொள்வதை எவர் கேட்கிறார்? பூசாவிட்டால் கல்யாணமில்லை என்ற நிர்ப்பந்தத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம். பெண்ணுக்குச் சொத்தும் சம்பாத்தியமும் மறுக்கப்பட்ட காலத்தில் அவள் முகமே அவளுக்கு மூலதனமாயிருந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் நமது இயக்கம் தீர்மானித்தது. அது இந்த நாட்டில் 1989-ல் சட்டமாயிற்று. சுயமரியாதைக் கல்யாணம் செல்லுமென்று 1967-ல் சட்டம் நிறைவேறிற்று. சொத்துரிமையும் வந்து, சம்பளமும் வந்து, புரோகிதனும் வேண்டாமென்று ஆன பிறகு, வந்தவன் முன் தட்டேந்தி நின்று மூக்கைக் காட்டும் வழக்கம் மட்டும் எதற்கு?

ஆகவே அந்தப் பெண்ணுக்கும் அவள் தாயாருக்கும் நாம் சொல்லுவது இதுதான்: வரப்போகிறவர்கள் வந்தால் வியர்வையோடும் சொந்த மூக்கோடும் எதிரில் உட்கார்ந்து, அவன் படிப்பென்ன, வேலையென்ன, குடிப்பானா, சமையல் தெரியுமா, பெண்ணின் சம்பளம் யாருடையது என்று நினைக்கிறான் என்று ஒவ்வொன்றாய்க் கேட்கட்டும். பதில் சொல்லுகிறவன் உட்காரட்டும், மூக்கை அளக்க வந்தவன் எழுந்து போகட்டும். அவன் எழுந்து போவதால் அவளுக்கு நஷ்டம் பஜ்ஜிச் செலவுதான். மாவு கரைந்தபின் வீட்டில் தெரியப்போவது சொந்த முகமே. அந்த முகத்தோடு குடித்தனம் செய்ய இஷ்டமில்லாதவனுக்காக 180 ரூபாய் செலவு செய்வது வீண் என்பதே நமது அபிப்பிராயம்.