கையொப்பம் தமிழில், கருத்து எம்மொழியில்?

தென்காசிப் பெருங்கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், பணி தொடங்கிய ஆண்டைக் கணக்கோடு கல்லிற் பொறித்து வைத்தான். கோயிற்பணி 1446இலும் கோபுரப்பணி 1457இலும் தொடங்கின. பின்னாளிற் கோயிலுக்குக் குறை நேரின், அதனை நீக்கிக் காப்பாரைத் தான் பணிவதாகவும் வெட்டுவித்தான். செய்த பணிக்கு அறிக்கை, செய்யவேண்டிய பணிக்கு வேண்டுகோள், இரண்டும் தமிழில்! 1463இல் அவன் மறைந்தபின் தம்பி குலசேகர பாண்டியன் கோபுரத்தை முடித்தான். பிற்காலத்திற் பிளவுண்டு நின்ற அக்கோபுரம், 1990இல் ஒன்பது நிலையொடு மீண்டும் எழுந்தது.

2019இல் தனி மாவட்டமாகிய அதே தென்காசியில் இன்றைய நிலை யாது? புளியங்குடி எலுமிச்சை வணிகரும் குற்றாலத்துச் சிறுகடைக்காரரும் தொழிற்கடன் வேண்டி வைப்பகத்தின் படியேறுகின்றனர். அவருட் பலர்க்குத் திட்ட அறிக்கையை வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதித் தருகின்றார். தம் தொழிலைப்பற்றித் தாமே படித்தறியவியலாத தாளின் அடியில் தமிழர் தமிழிற் கையொப்பமிடுகின்றார். கடன் அவர் தலையில். கருத்தோ பிறர் கையில்!

இதனால் விளையும் கேடு மொழியளவில் நிற்பதன்று. குற்றாலத்திற் சாரற் பருவம் ஆனி முதல் ஆவணி வரை. கடையின் பெருவருவாய் அம்மூன்று திங்களிலேயே வரும். அருவி வறண்டால் வணிகமும் வறளும். எங்கோ எழுதிய ஆங்கிலப் படியைப் பார்த்தெழுதும் அறிக்கையோ பன்னிரு திங்களுக்கும் ஒரே வருவாய் காட்டும். தவணையும் அவ்வாறே அமையும். கடைக்காரரே தமிழில் எழுதியிருப்பின், சாரலை மறந்திருப்பாரோ?

செய்யும் தொழில் யாது, முதல் எவ்வளவு, வருவாய் எப்பொழுது, இடர் எங்கே, கடனடைக்கும் வழி எது? இவ்வைந்திற்கும் விடை கூறுவதே நல்ல திட்ட அறிக்கை. சொன்னது எவ்வளவு, நடந்தது எவ்வளவு, நின்றது ஏன் என்பதே முன்னேற்ற அறிக்கை. “பணிகள் நல்ல முறையில் நடைபெற்று வருகின்றன” என்பது அறிக்கையன்று, மழுப்பல். “பத்துத் தூண்களில் ஆறு நின்றன, மணல் வாராமையால் நான்கு நிற்கவில்லை” என்பதே அறிக்கை. “ஆவன செய்யப்படும்” என்னும் அலுவலகத் தமிழும் செய்வான் பெயரை மறைக்கும் ஆங்கில நிழலே. சொல் மட்டும் தமிழாயிருத்தல் போதாது. பொறுப்பும் வெளிப்படல் வேண்டும்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இம்மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கிற்று. வைப்பகமல்லாத நிதி நிறுவனங்கள், கடன் பெறுவோர்க்கு விடுக்கும் செய்திகளை அவர்தம் வட்டார மொழியிலோ அவர்க்கு விளங்கும் மொழியிலோ விடுத்தல் வேண்டுமென ரிசர்வ் வங்கியும் நெறி வகுத்துள்ளது. கேட்கும் உரிமை உண்டு; கேட்பார்தாம் இலர்!

தென்காசி வணிகர் தம் அடுத்த அறிக்கையைத் தாமே தமிழில் எழுதுக! அதனைத் தமிழில் ஏற்குமாறு வைப்பகத்தைக் கேட்க! விளங்காத தாளிற் கையொப்பமிட மறுக்க! கல்லில் ஏறிய தமிழ் கடன்தாளில் ஏறாதோ?