ஜெர்மன் வினையும் தமிழ் விகுதியும்

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இலத்தீனில் அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சேறியது. இன்றோ பயணம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. 2022-இல் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு உடன்பாடு செய்துகொண்டன. செவிலியராகவும் பொறியாளராகவும் அங்குச் செல்ல விழைவோர் நம் பாம்பன் கரையிலும் உளர். அவர்கள் முதலில் இடறுவது நிகழ்கால வினைத்திரிபில்தான்.

அம்மொழியை ஆங்கிலத்தின் வழியே அணுகுவதே காரணம் என்பேன். ஆங்கில வினை பெரும்பாலும் படர்க்கை ஒருமையில் மட்டுமே நிகழ்கால விகுதி ஏற்கும். ஜெர்மன் வினையோ நம்முடையதுபோல் இடத்திற்கேற்ப விகுதி மாறும். 'லெர்ன்' என்னும் பகுதியைக் காண்க: இஷ் லெர்னெ (கற்கிறேன்), டூ லெர்ன்ஸ்ட் (கற்கிறாய்), ஏர் லெர்ன்ட் (கற்கிறான்), வீர் லெர்னென் (கற்கிறோம்). பேசுதலைக் குறிக்கும் 'ஷ்ப்ரெஷென்', படர்க்கை ஒருமையில் 'ஷ்ப்ரிஷ்ட்' என உயிர் திரியும். நம் 'வா' என்பதும் 'வருகிறான்' எனக் குறுகி விகாரப்படுகிறதன்றோ?

வேறுபாடும் உண்டு. ஜெர்மன் விகுதி பால் காட்டாது. தன்மைப் பன்மைக்கும் படர்க்கைப் பன்மைக்கும் 'லெர்னென்' பொதுவாதலின், எழுவாயை நம்மைப்போல் தொக்கவிட இயலாது.

"வெளிநாடு செல்லும் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம் எதற்கு?" என வினவும் பெரியோர்க்கு இதுவே விடை. பகுபத உறுப்பிலக்கணத்தைத் தெளிவுறக் கற்றவன் ஜெர்மன் வினையின் பாதி வழியைக் கடந்தவனாவான். எஞ்சிய பாதியை ஒப்பிட்டுக் கற்பிக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறைகள் ஏற்றல் வேண்டும்.