பாதி பாதி தீர்ப்பு வேண்டாம்!

ஒரே பொருளுக்கு இருவர் சண்டையிட்டால், ‘ஆளுக்குப் பாதி’ என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறோம். என்னைக் கேட்டால், அது சோம்பேறித் தீர்ப்பு!

எகிப்தின் சினாய் பகுதியை 1967 போரில் இஸ்ரேல் பிடித்துக்கொண்டது. 1978-ல் அமெரிக்க அதிபர் கார்ட்டர், இரு நாட்டுத் தலைவர்களையும் கேம்ப் டேவிட் ஓய்வு இல்லத்தில் 13 நாட்கள் பேச வைத்தார். எகிப்துக்குத் தன் மண் முழுதும் வேண்டும். இஸ்ரேலுக்கோ, எதிரிப் படை எல்லைக்கே வந்துவிடுமோ என்ற பயம். நிலத்தைப் பங்கிட்டிருந்தால் இருவருக்கும் நிம்மதி இருந்திருக்காது. மண் எகிப்துக்கு, ஆனால், எல்லையோரம் அதன் ராணுவம் நிற்கக் கூடாது என்று முடிவானது. 1979-ல் உடன்படிக்கையும் கையெழுத்தானது.

பஸ்சில் ஜன்னலோர சீட்டுக்கு அக்காவோடு மல்லுக்கட்டுகிறீர்களா? ‘உனக்கு ஏன் வேண்டும்?’ என்று முதலில் கேளுங்கள். அவளுக்கு வாந்தி வரும், உங்களுக்கு வேடிக்கை பார்க்க ஆசை என்றால், முன் சீட்டு காலியாக இருக்கிறதா என்று பாருங்களேன்!