மலைக்கு ஏற்ற சக்கரம்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கை முழுவதும் பெற்றோலின்றித் தவித்தது. ஜூன் மாத இறுதியிலிருந்து ஏறத்தாழ இரு வார காலம் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் விற்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பாடசாலைகள் பூட்டப்பட்டன, அலுவலகங்கள் வெறிச்சோடின. அவ்வேளையில், வீட்டின் பின்புறத்திலே துருவேறிக் கிடந்த துவிச்சக்கர வண்டி மீண்டும் வீதிக்கு வந்தது. கொழும்பிலே கழுத்துப்பட்டி அணிந்த உத்தியோகத்தரும் அதில் ஏறினர். யாழ்ப்பாணத்திலோ அது என்றுமே வீதியை விட்டு அகன்றதில்லை. மலையகத்தில் மட்டும் அந்த மறுமலர்ச்சியைக் காண முடியவில்லை. இங்கே மக்கள் நடந்தார்கள்.

இது ஏன் நேர்ந்தது? மலையகத்தாருக்கு வண்டி வாங்க வசதியில்லை என்பர் சிலர். ஓட்டும் பழக்கமில்லை என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் மூலகாரணம் வேறு என்பது என் துணிபு. நாம் அறிந்த துவிச்சக்கர வண்டி சமவெளிக்கென்று சமைக்கப்பட்டது. மலைக்கென்று ஒரு வண்டியை நமக்கு எவரும் செய்து தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

நான் வாழும் பூண்டுலோயாவையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குப் பெயர் தந்த ஓயா கொத்மலை ஓயாவை நோக்கி இறங்கிச் செல்கிறது. கடைவீதி தாழ்விலே இருக்கிறது. டன்சினன், ஷீன், ஹரோ முதலிய தோட்டங்களின் லயங்கள் மேட்டிலே இருக்கின்றன. ஆகவே இங்கு தூரத்தைக் கட்டையால் அளப்பதில் பொருளில்லை. ஏற்றத்தால் அளக்க வேண்டும். மேற்பிரிவிலுள்ள மாணவி காலையில் பாடசாலைக்கு இறங்கி வருவது எளிது. மாலையில் அவள் திரும்பிப் போவதே பெரும்பாடு. பிற்பகல் வகுப்பு நடத்தும்போதெல்லாம் நான் ஒன்றைக் காண்கிறேன். மேற்பிரிவுப் பிள்ளைகள் மூன்று மணிக்கே சன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மூடுபனி இறங்குமுன் வீடு சேரவேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. பஸ்ஸின் நேரம் ஒத்துவராத நாளில் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கப் பணமிராது. கடைசிப் பாடம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமற் போகிறது என்பதை ஆசிரியரின் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. பிள்ளையின் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

துவிச்சக்கர வண்டியின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை விளங்கும்: முட்டுப்பாடு வரும்போதெல்லாம் அதன் உருவம் மாறியிருக்கிறது. 1817இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே கார்ல் திராய்ஸ் என்பவர் மிதியில்லாத இருசக்கரப் பொறி ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து, 1816 ஐரோப்பாவில் கோடையற்ற ஆண்டாகக் கழிந்தது. விளைச்சல் கெட்டு, குதிரைக்குத் தீனி அருகியதே அவரைத் தூண்டிற்று என்று கருதும் ஆய்வாளர் உளர். 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி வடித்த 'ரோவர்' வண்டியோடு, ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் செலுத்தும் சங்கிலியும் நிலைபெற்றன. மூன்றாண்டுகளில் டன்லொப்பின் காற்றடைத்த டயர் வந்து சேர்ந்தது. நம் பாட்டன்மார் போற்றிய ராலி வண்டியும் இந்த மரபிற் பிறந்ததே.

அந்த மரபைத் துணிந்து கேள்வி கேட்டவர் அலெக்ஸ் மோல்ற்றன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1956இல் சூயெஸ் நெருக்கடி மூண்டு, இங்கிலாந்திலே பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தபோது அவர் துவிச்சக்கர வண்டியைப் பற்றிச் சிந்திக்கலானார். அவருடைய குடும்பத் தொழில் றப்பர். 'மினி' காருக்கு றப்பரினால் அதிர்வு தாங்கும் அமைப்பை வகுத்தவரும் அவரே. 1962இல் அவர் வெளியிட்ட வண்டிக்குச் சக்கரம் 16 அங்குலமே. சிறு சக்கரம் குலுக்கும். அக்குலுக்கலை றப்பர் தாங்கிக்கொண்டது. சக்கரம் சிறுத்ததனால் முன்னும் பின்னும் சுமை வைக்க இடம் பிறந்தது. குறுக்குத் தண்டு தாழ்ந்ததனால் பாவாடை உடுத்தவரும் காற்சட்டை அணிந்தவரும் ஒரே வண்டியில் ஏற முடிந்தது. சேலையும் சுமையும் குண்டுங்குழியுமான பாதையும் உடைய நம் தோட்டங்களுக்கு இந்த மூன்றும் எவ்வளவு பொருத்தம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏற்றம் எஞ்சி நிற்கிறது. அதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். பத்து மீற்றர் செல்ல ஒரு மீற்றர் உயரும் சரிவில், ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் ஏறுவதாகக் கொள்வோம். உடல்நலமுள்ள ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து தரக்கூடிய வலு ஏறத்தாழ 100 வாற்று. அதைக்கொண்டு அவர் மணிக்கு நான்கு கிலோமீற்றர் அளவிலேயே ஏற முடியும். அது நடைவேகம்; அந்த வேகத்தில் வண்டி நிலைகொள்ளவும் மறுக்கும். 2022இல் நம்மவர் வண்டி தேடாமல் நடந்ததற்கு இந்தக் கணக்கே போதிய விடையாகும். ஏட்டில் எழுதாவிட்டாலும் கால்கள் அதை அறிந்திருந்தன.

இதற்கு உலகம் கண்ட விடைகள் மூன்று. முதலாவது பற்சக்கர மாற்று. இங்கிலாந்தின் ஸ்ரேர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1902 முதற்கொண்டே சக்கரக் குடத்துள் அடங்கும் மூவேக அமைப்பை விற்று வந்தது. பற்சக்கரம் வேலையைக் குறைப்பதில்லை. ஒரே மூச்சில் செய்யவேண்டியதைப் பல மூச்சாகப் பங்கிட்டுத் தருகிறது. இரண்டாவது, நோர்வேயின் ட்ரொன்ட்ஹைம் நகரிலே 1993இல் அமைத்த வண்டித்தூக்கி. வீதியோரத்தில் ஓடும் கம்பிவடத்தோடு இணைந்த மிதிதட்டு, ஓட்டுபவரின் காலைத் தாங்கி 130 மீற்றர் தூரம் மேலே தள்ளிச் செல்கிறது. ஒரு பெரிய மேடுள்ள நகருக்கு அது தகும். மேடன்றி வேறறியாத தோட்டத்துக்குத் தகாது. மூன்றாவது, அதே 1993இல் யப்பானின் யமஹா நிறுவனம் விற்பனைக்கு விட்ட மின்துணை வண்டி. காலின் அழுத்தத்தை உணர்ந்து, அதற்கேற்ப மோட்டார் துணை செய்யும். மனிதன் மிதிக்காவிட்டால் அதுவும் உதவாது.

என் மதிப்பில் நமக்குரிய விடை இந்த மூன்றாவதே. ஐரோப்பியச் சட்டம் 250 வாற்றுக்கு மேற்படாத துணை மோட்டார் உள்ளதையே துவிச்சக்கர வண்டியாகக் கொள்கிறது. மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டியதும் துணை நின்றுவிடவேண்டும். அந்த 250 வாற்று நம் 100 வாற்றோடு சேர்ந்தால், முன்சொன்ன சரிவில் மணிக்குப் பதினான்கு கிலோமீற்றர் அளவில் ஏறலாம். ஒரு மணி நேர நடை இருபது நிமிடத்துக்குள் அடங்கும். செலவு என்ன? ஆளையும் வண்டியையும் முந்நூறு மீற்றர் உயரத்துக்குப் பத்து முறை ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிற் மின்சாரம் போதும். தலவாக்கலையிலே தேக்கிய நீரைச் சுரங்கவழி இறக்கி, 150 மெகாவாற்று மின்னாக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012 முதல் இயங்குகிறது. நமது மலையின் இறக்கம் நாட்டுக்கு ஒளி தருகிறது. அதே மலையின் ஏற்றத்தைக் கடக்க அதில் ஒரு துளியை நாம் கேட்டால் அது பேராசையாகாது.

ஏற்றத்தைப் போலவே இறக்கத்தையும் எண்ணவேண்டும். முந்நூறு மீற்றர் இறங்கும் வண்டியின் தடை விழுங்கும் வெப்பம், மூன்று நான்கு கோப்பைத் தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கப் போதுமானது. பழைய வண்டிகளின் முலாம் பூசிய உருக்கு வளையத்தை மழையிலே றப்பர்த் தடை பற்றுவதில்லை. மழையும் பனியும் நீங்காத இந்த நாட்டுக்குக் குடத்துள் மூடிய தடையோ வட்டத்தகட்டுத் தடையோ கட்டாயமாகும். சமவெளி வண்டியில் மோட்டாரை மட்டும் மாட்டி மலைக்கு அனுப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

பெண்கள் ஓட்டுவார்களா என்று கேட்பவருக்குப் புதுக்கோட்டை விடை கூறும். 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்ட அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றனர். நம் கைத்திறனை ஐயுறுபவருக்கு யாழ்ப்பாணம் விடை கூறும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்கலம் கிட்டாதபோது, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள்.

எஞ்சியிருப்பது விலை. நாட்கூலி 1000 ரூபாயாவதற்கே 2021 வரை காத்திருந்த குடும்பம் மின்துணை வண்டியைத் தனியே வாங்க இயலாது. ஆகவே அது தனியுடைமையாகத் தொடங்கலாகாது. பாடசாலையிலும் கூட்டுறவுக் கடையிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் மின்னேற்றும் இடமமைத்து, பொதுவிலே சில வண்டிகளை வைக்கலாம். மலையகத்துத் தொழில்நுட்ப மாணவரிடமும் சைக்கிள் திருத்துநரிடமும் சட்டத்தையும் தடையையும் வடிவமைக்கும் பணியை ஒப்படைக்கலாம். தாழ்ந்த தண்டு, சிறிய உறுதியான சக்கரம், அதிர்வு தாங்கும் றப்பர், மூடிய தடை, சிறு மோட்டார், ஒரு கொழுந்துச் சாக்குக்கான தாங்கி: இவ்வளவே நமது வேண்டுகோள். றப்பர் இந்நாட்டிலேயே விளைகிறது.

1823இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் வருகையின்போது நம் முன்னோர் காட்டுவழி நடந்தே இம்மலைகளை அடைந்தனர். அதன் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். நினைவுக்காக நடப்பது பெருமை தரும். வேறு வழியில்லாமையால் பள்ளிப்பிள்ளை நடப்பதில் பெருமை ஒன்றுமில்லை. அடுத்த எரிபொருள் முட்டுப்பாடு எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது. அது வருமுன் இம்மலைக்கென ஒரு சக்கரத்தைச் செய்து பார்ப்பது, படித்த தலைமுறை ஏற்கத்தக்க சிறிய, செய்யக்கூடிய கடமையாகும்.