இறங்காதே! இறக்காதே!

திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகும் சாலையில் இருக்கிறது அணுபுரம். அணுசக்தித் துறை தன் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல் விளைந்த நிலத்தில் இன்று வாடகை வீடுகள் எழும்புகின்றன. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலோ லாட்ஜுகளும் சொகுசு விடுதிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு கட்டிடத்திலும் பளபளக்கும் குளியலறை, கக்கூஸ். பித்தானை அழுத்தினால் அசிங்கம் கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது.

மறைந்து எங்கே போகிறது? பூமிக்குள் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. தொட்டி நிரம்பினால்? அப்பொழுதுதான் வீட்டுக்காரருக்கு நம்முடைய சேரியின் ஞாபகம் வருகிறது!

குழாய் எட்டவில்லையாம்!

விவசாயத் தொழிலாளர்களைச் சந்திப்பதற்காக அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். புதிய மாடி வீடு ஒன்றின் முன்னால் கழிவுநீர் லாரி நின்றது. கொல்லைப் புறம் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் கல்லை ஒட்டி செப்டிக் டாங்கின் மூடியைப் பெயர்த்து வைத்திருந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஓர் இளைஞன் நின்றான். நமது தோழர் ஒருவரின் மகன்.

"என்னப்பா இது?" என்றேன்.

"லாரிக் குழாய் எட்டலை தோழர். அடியிலே கெட்டியாயிடுச்சாம். இறங்கி வாளியிலே அள்ளிக் குடுத்தா ஆயிரத்தைந்நூறு தரேன்னாங்க. வயல்லே மூணு நாள் குனியணும் இந்தப் பணத்துக்கு" என்றான்.

வீட்டுக்காரர் படித்தவர். நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "நான் வற்புறுத்தவில்லை சார், அவனாகத்தான் வந்தான்" என்றார்.

அவனாகத்தான் வந்தானாம்! காலி வயிறு பிடரியைப் பிடித்துத் தள்ளுவது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாலு பேர் கூடி வாதாடினோம். கடைசியில் பக்கத்து ஊர் லாரியிலிருந்து இன்னொரு குழாய் வந்தது. இரண்டையும் இணைத்தார்கள். மேலே நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சி எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தப் பையனுக்குத் தருவதாகச் சொன்ன கூலியை விட ஐந்நூறு ரூபாய்தான் கூடுதல் செலவு. இந்த ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு தாயின் பிள்ளையைக் குழிக்குள் இறக்கப் பார்த்தார்கள்!

பன்னிரண்டு பிணங்கள்

எல்லா இடத்திலும் இப்படிச் சமயத்தில் நாலு பேர் வந்து சேர்வதில்லை. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வட்டாரத்தைப் பாருங்கள். 2019 மார்ச்சில் நெமிலியில் ஒரு குடியிருப்புக் கட்டிடத்தின் தொட்டியில் 6 பேர் மாண்டார்கள். தந்தையும் இரண்டு மகன்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் கட்டவாக்கத்தில் ஒரு தனியார் உணவுக் கம்பெனியின் தொட்டியில் 3 பேர். 2022 அக்டோபரில் கச்சிப்பட்டில் ஒரு விடுதியின் தொட்டியில் 3 பேர். நாலு வருஷத்துக்குள் ஒரே வட்டாரத்தில் 12 பிணங்கள்!

ஒவ்வொரு தடவையும் அதை "விபத்து" என்கிறார்கள். ஒரே மாதிரி, ஒரே காரணத்தால், திரும்பத் திரும்ப நடப்பதற்கு விபத்து என்றா பெயர்?

மூக்கை நம்பாதே!

தொட்டிக்குள் காற்றுப் புகாத இடத்தில் மலம் அழுகும்பொழுது மீத்தேன், கரியமிலவாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல் நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் அது 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப் போகிறது. "நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை" என்று மனிதன் நினைக்கிறான். அப்பொழுதுதான் யமன் பக்கத்தில் நிற்கிறான். 1000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான்.

மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் போதும் என்பார்கள். போதாது. அந்த வாயு காற்றை விடக் கனமானது, அடியிலேயே தங்கும். சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, மண்வெட்டி பட்டுக் கலங்கியதும் குப்பென்று கிளம்பும். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது அதை விட ஆபத்து. மீத்தேன் தீப்பற்றி வெடிக்கும். விளக்கு அணையாமல் எரிந்தாலும் விஷவாயு இல்லை என்று அர்த்தமல்ல.

உள்ளே ஒருவன் விழுந்தால் காப்பாற்ற இரண்டாமவன் குதிக்கிறான். அவனுக்காக மூன்றாமவன். பிணங்கள் இரண்டும் மூன்றுமாக வெளியே வருவது இதனால்தான். தோழனைக் காப்பாற்றத் துடிக்கும் நல்ல மனமே பலி வாங்குகிறது!

கட்டிடத் தொழிலாளிகளும் கவனிக்க வேண்டும். புதிதாகக் கட்டி மூடிய தொட்டியில் மலம் இல்லை என்று நம்பி, சென்டரிங் பலகையைப் பிரிக்க இறங்கியவர்களும் செத்திருக்கிறார்கள். தேங்கிய நீரில் பலகை ஊறி அழுகும்பொழுது உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது.

சாவு எப்பொழுது தீர்மானமாகிறது?

ஆள் இறங்கும் நாளிலா? இல்லை. தொட்டி கட்டும் நாளிலேயே!

தொட்டியை எங்கே கட்டுகிறார்கள்? லாரி வர முடியாத கொல்லையில், மாடிப்படிக்கு அடியில், சில இடங்களில் வீட்டுக்குள்ளேயே. அழகு கெடக்கூடாது என்று மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். இரண்டு அறைகளும் நடுத்தடுப்பும் இருக்க வேண்டிய தொட்டிக்குப் பதிலாக, அடியில் தளமே போடாமல் நாலு உறையை இறக்கிவிட்டுச் "செப்டிக் டாங்க்" என்று கணக்கு எழுதுகிறார்கள். நீர் மட்டம் மேலே இருக்கும் கடலோர மணல் பூமியில் இந்த அசிங்கம் குடிநீர்க் கிணற்றுக்குப் போக எத்தனை நாளாகும்?

இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய கசடைப் பத்து வருஷமானாலும் எடுப்பதில்லை. அது கல்லாக இறுகிவிட்டபின் "யந்திரம் உறிஞ்சவில்லை, ஆளை இறக்கு" என்கிறார்கள். கட்டிடப் படம் போட்டவர், அதற்கு அனுமதி கொடுத்தவர், கட்டிய கண்டிராக்டர், வாடகை வாங்கும் சொந்தக்காரர் - இத்தனை பேரும் சேர்ந்து எங்கோ இருக்கும் ஒரு தொழிலாளிக்கு அன்றே குழி வெட்டிவிடுகிறார்கள்.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2014-ல் சுப்ரீம் கோர்ட், 1993 முதல் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆனால் சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. கருவியும் பாதுகாப்பும் தராமல் இறக்குவதைத்தான் அது "அபாயகரமான சுத்தம்" என்கிறது. அதாவது ஒரு ஜோடி கையுறையைக் காட்டித் தப்பப் பார்க்கலாம்! மனிதன் இறங்குவதே குற்றம் என்று சட்டம் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டாமா?

யந்திரம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கல்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில், உலையில் எரிந்து கதிரியக்கம் வீசும் எரிபொருளைக் கனத்த கான்கிரீட் சுவருக்கு இப்பால் நின்று, கண்ணாடி வழியே பார்த்து, யந்திரக் கைகளால் அறுத்துச் சோதிக்கிறார்கள். மனிதக் கை அதைத் தொடுவதில்லை. மெத்தச் சரி, விஞ்ஞானம் என்றால் அதுதான். யுரேனியத்துக்கு ஒரு கை செய்யத் தெரிந்த நாட்டுக்கு மலத்தொட்டிக்கு ஒரு கை செய்யத் தெரியாதா? தெரியும். கழிவுநீர்க் குழியில் இறங்கும் யந்திரங்கள் நம் நாட்டிலேயே தயாராகின்றன. உறிஞ்சிய கசடை ஏரியில் கொட்டாமல் சுத்திகரிக்க நமது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் 2017-லேயே ஒரு நிலையம் கட்டப்பட்டது. பின் ஏன் மனிதன் இறங்குகிறான்? யந்திரத்தை விட அவன் மலிவு. அதனால்தான்.

அவனை மலிவாக்கியது எது? சாதி! இத்தொழிலாளிகளைப் பற்றிப் பல மாநிலங்களில் மத்திய சர்க்கார் எடுத்து 2024-ல் வெளிவந்த கணக்கின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் தாழ்த்தப்பட்ட சாதியினர். 1858-ல் லண்டனில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டு அங்கத்தினர்களின் மூக்கையே எட்டியது. சில வாரங்களில் சட்டம் வந்தது, சாக்கடைகள் கட்டப்பட்டன. இங்கே நாற்றம் சேரியோடு நின்றுவிடுவதால்தான் இந்தத் தாமதம்!

நாம் செய்ய வேண்டியது

முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். ஆலை வாயிலில் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கோஷம் போடுகிறோம், நியாயம்தான். அதே ஆலையின் கக்கூஸ் தொட்டியில் யார் இறங்குகிறார்கள் என்று என்றைக்காவது விசாரித்தோமா? "அது கண்டிராக்ட் ஆள்" என்று சொல்லி நகர்ந்தோமா, இல்லையா?

லாரிக் குழாய் எட்டும் இடத்தில் தொட்டி, ஒவ்வொரு அறைக்கும் அகலமான மூடி, கூரைக்கு மேல் உயர்ந்த காற்றுக் குழாய் - இவை இல்லாத கட்டிடப் படத்துக்குப் பஞ்சாயத்தோ முனிசிபாலிடியோ அனுமதி தரக் கூடாது. கிராமங்களுக்கும் போதிய லாரியும் நீளக் குழாயும் சர்க்கார் பொறுப்பில் வேண்டும். சாவு நேர்ந்தால் மேஸ்திரியோடு வழக்கை நிறுத்தாமல் கட்டிடச் சொந்தக்காரரையும் கூண்டில் ஏற்ற வேண்டும். இதே வேலையை நம்பியிருக்கும் தொழிலாளிக்கு யந்திரம் ஓட்டும் வேலையும் நிரந்தரச் சம்பளமும் தர வேண்டும். யந்திரம் வந்ததென்று அவன் அடுப்பு அணைந்துவிடக் கூடாது.

கொத்தனார் தோழரே! எட்டாத இடத்தில் தொட்டி கட்டச் சொன்னால், இது ஆளைக் கொல்லும் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். விவசாயத் தொழிலாளித் தோழரே! ஆயிரம் அல்ல, பத்தாயிரம் தந்தாலும் இறங்காதீர்கள். வேலையில்லாத நாளில் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து வழி தேடுவோம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

அன்று அந்தக் கொல்லையில் கயிற்றை அவிழ்த்துப் போட்ட பையன் இன்றும் நாற்றுக் கட்டுத் தூக்குகிறான். கயிற்றை அவிழ்க்க நாலு பேர் போதுமானதாயிருந்தது. ஊருக்கு நாலு பேர் சேர மாட்டோமா?