ஒரு நொப்புக்காக ஒரு பேஸை மூலையில சாத்தாதீங்க

பேஸ் கிற்றாரில் வொலியூம் நொப் உடைஞ்சா நம்ம பக்கம் மூன்று பதில் கிடைக்கும். "உள்ள முழுசா மாத்தணும்." "கொழும்புக்கு அனுப்பணும்." "புதுசு வாங்குறதுதான் நல்லம்." மூன்றுமே அவசரப் பதில்கள். உடைஞ்சது தண்டின் தலையில் மாட்டியிருக்கிற தொப்பி மட்டும். தண்டை விரலால் திருப்பிப் பாருங்க, சத்தம் கூடிக் குறையும்.

முந்தி கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்துதான் திருகோணமலைக்குப் போனோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தாச்சு. ஆனா ஒரு நொப் என்றதும் இன்னும் கடல் கடக்கிற மாதிரியே கதைக்கிறோம்.

பரவலாக விற்பனையான முதல் எலக்ட்ரிக் பேஸ், 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன். அதைச் செய்த லியோ ஃபெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அவர் கலிபோர்னியாவில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். பேஸில் இருக்கிற வொலியூம் கொன்ட்ரோலும் பழைய றேடியோவில் இருப்பதும் ஒரே இனச் சாமான். அப்ப நீங்க முதல்ல போய்க் கேட்க வேண்டியது பஸாரில் றேடியோ திருத்துறவரிடம். அவருடைய லாச்சியைக் கிளறினால் பொருந்துற ஒன்று கிடைக்கக் கூடும்.

தெரிஞ்சுகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். பழைய நொப்பின் பக்கவாட்டில் சின்ன ஸ்குரூ இருந்தால் அதைத் தளர்த்திக் கழட்டணும். இல்லாட்டி அது அழுத்தி மாட்டினது. குறட்டால் இழுக்காதீங்க, அடியில் துணித் துண்டைச் செருகி நேராக மேலே இழுங்க. பிறகு தண்டைப் பாருங்க: வழுவழுப்பா, பல் வெட்டி நடுவில் பிளந்ததா? ஆசியாவில் செய்த மலிவுப் பேஸ்களில் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் தண்டு, பிளந்ததென்றால் 18 பல். அமெரிக்க அளவு 6.35 மில்லிமீற்றர், 24 பல். இந்த 0.35ஐ மதிக்காமல் அடிச்சு இறக்கினால் நொப் வெடிக்கும், இல்லாட்டி தண்டு முறியும். தண்டு முறிஞ்சால்தான் உண்மையாகவே உள்ளே ஈயம் வைக்கிற வேலை வரும். நொப் கொஞ்சம் லூசா இருந்தால் பைப்புக்குச் சுத்துற வெள்ளை டேப் ஒரு சுற்று போதும்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பீங்க. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ஆனது. அதுக்குப் பிறகு "புதுசு வாங்கு" என்று ஒரு பெடியனுக்குச் சொல்றது, "வாசிக்காதே" என்று சொல்றதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கென்றே சட்டம் போட்டது. வொஷிங் மெஷினும் போனும் அதில் இருக்கு, கிற்றார் இல்லை. நமக்கு எந்தச் சட்டமும் வேண்டாம், ஒரு அலன் கீ போதும்.

பாடசாலைக்கோ கழகத்துக்கோ வாத்தியம் கொடுக்கிறவங்க போட்டோ எடுக்கிறீங்க, நல்லது. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு அலன் கீ செட்டும் ரெண்டு நொப்பும் போட்டுக் கொடுங்க. வாசிக்கப் பழக்குறவங்க, முதல் பாடத்திலேயே கழட்டிப் பூட்டவும் பழக்குங்க. கழட்டத் தெரியாதவன் கையில் இருக்கிற பேஸ், அடுத்த நொப் உடையும்வரைக்கும்தான் பேஸ்.