காசுக்கு விலைபோகும் ஆராய்ச்சி

விதை நெல் வாங்கும் கமக்காரன் அதனைக் கையில் அள்ளிப் பார்க்கிறான். நீரிலிட்டுப் பதர் மிதக்கிறதா என்று சோதிக்கிறான். விற்பவனின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவன் வயலில் இறங்குவதில்லை. ஆண்டுக்கணக்காக உழைத்த அறிஞர் பலரோ, தம் ஆராய்ச்சியை எவர் கையில் ஒப்படைக்கிறோம் என்று ஆராய்வதில்லை! இதனினும் விந்தை வேறுண்டோ?

மின்னஞ்சலில் ஓர் அழைப்பு வருகிறது. தொடக்கத்தில் புகழுரை, நடுவில் ஒரு கிழமைக்குள் மதிப்பீடு முடியுமென்ற வாக்குறுதி, இறுதியில் கட்டண விபரம். அழைப்பவர் அறிவை வளர்ப்பவரா, அறிஞரின் பணப்பையைத் தேடுபவரா?

2013ஆம் ஆண்டில் ஜோன் பொஹானன் என்பார் இதனைச் சோதித்தார். புற்றுநோய் மருந்து பற்றிப் பிழை மலிந்த பொய்க் கட்டுரையொன்றைப் புனைந்து, கட்டணம் பெறும் 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் அதனை ஏற்றன. 98 மட்டுமே மறுத்தன. இவ்வுண்மையை ‘சயன்ஸ்’ சஞ்சிகை உலகறியச் செய்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஒமிக்ஸ் நிறுவனம், மதிப்பீடு பற்றியும் கட்டணம் பற்றியும் ஆராய்ச்சியாளரை ஏமாற்றியதென ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 5 கோடி டொலருக்கு மேல் செலுத்துமாறு 2019இல் நீதிமன்றம் கட்டளையிட்டது.

கட்டணம் வாங்குவதே குற்றமென நாம் கூறவில்லை. பொஹானனின் பொய்க் கட்டுரையை மறுத்த ‘பிளொஸ் வன்’ சஞ்சிகையும் கட்டணம் பெறுவதே. மதிப்பிடாமலே மதிப்பிட்டதாகக் கூறிக் காசு பறிப்பதையே நாம் கண்டிக்கிறோம்.

வெளியிடுவோர் மட்டுமா குற்றவாளிகள்? “எத்தனை கட்டுரை?” என்று எண்ணிப் பதவியுயர்வு வழங்கி, “எத்தகைய கட்டுரை?” என்று கேளாத உயர்பீடங்களுக்கும் இப்பழியில் பங்குண்டு. வாங்குவோர் இல்லையேல் இச்சந்தை ஒருநாளும் கூடாது.

இது படித்தவர் விவகாரம், நமக்கென்ன என்று கமக்காரர் வாளாவிருக்கலாகாது. மருந்து பற்றிய பொய் நோயாளியின் கட்டிலைச் சேரும்; கிருமிநாசினி பற்றிய பொய் வயலைச் சேரும். ஆராய்ச்சிக்குச் செலவாகும் அரசாங்கப் பணமும் மக்கள் வரிப்பணமன்றோ?

ஆதலால், அனுப்புமுன் ஆராய்க! அச்சஞ்சிகையின் பழைய இதழ்களை எடுத்து வாசியுங்கள். கட்டணத்தை முன்னரே வெளிப்படையாகச் சொல்கிறதா என்று பாருங்கள். பதிப்பாசிரியர் குழுவிலுள்ளோரிடம் நேரிற் கேளுங்கள். போலந்து ஆராய்ச்சியாளர் சிலர், தம் மொழியில் ‘வஞ்சகர்’ எனப் பொருள்படும் பெயரில் இல்லாத பெண்மணியொருவரைப் படைத்து, அவருக்குப் பதிப்பாசிரியர் பதவி கோரி 360 சஞ்சிகைகளுக்கு விண்ணப்பித்தனர். 48 சஞ்சிகைகள் அவரை ஏற்ற கதை 2017இல் வெளிவந்தது! சர்வதேசத் தொடர் இலக்கம் ஓர் அடையாள எண்ணேயன்றித் தரச் சான்றிதழன்று. அட்டவணைகளில் இடம்பெற்றதாகச் சஞ்சிகை பெருமை பேசினால், அந்த அட்டவணையிலேயே தேடுங்கள். புகழ்பெற்ற சஞ்சிகையின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துவோரும் உளர், முகவரியையும் ஒப்பிடுங்கள்.

உயர்பீடங்களை நாம் கேட்பது ஒன்றே: கட்டுரைகளை எண்ணுவதை விடுத்து வாசியுங்கள்! பதரை அளந்து களஞ்சியத்தை நிரப்பினால் பசி தீருமா?